தோல் செதுக்க நல்ல கத்தி எது?

டெல்டா கிராமங்களில் ஒரு காலத்தில் அரிவாள் வாங்குவது என்பது கடைக்குப் போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடும் வேலையாக இருக்கவில்லை. ஊர்க் கொல்லரிடம் சொல்லி அடிக்க வேண்டும். யார் கைக்கு என்று அவர் கேட்பார். அறுவடை நெருங்கும்போது அதே கருக்கரிவாளைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் தேய்ந்த பல்லை மறுபடி வெட்டிக் கருக்கு வைத்துத் தருவார். இன்று பெரும்பாலான வயல்களில் இறங்குவது அறுவடை இயந்திரம்தான். கொல்லுப்பட்டறைகளும் குறைந்துவிட்டன. ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. அரிவாள் நல்லதா இல்லையா என்பதை வாங்கிய நாள் தீர்மானிக்கவில்லை. அது மழுங்கிய நாளில் பக்கத்தில் யார் இருந்தார் என்பதுதான் தீர்மானித்தது.

இந்தப் பழைய கணக்கை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து, டைரி அட்டை என்று தோலில் கைவேலை செய்யும் ஆசை கல்லூரி மாணவர்களிடம் பரவி வருகிறது. யூடியூபில் யாரோ ஒருவர் தோல் மேல் பூவும் கொடியும் செதுக்குவதைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பிராண்ட் ஸ்விவல் கத்தி வாங்கலாம்?" என்பது. கேள்வியே கொஞ்சம் தப்பு. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்துகொண்டு கேட்க வேண்டிய கேள்வி, "எந்தக் கத்தியை இங்கேயே தீட்டவும் சரிசெய்யவும் முடியும்?" என்பதுதான். இங்கே பராமரிக்க முடியாத கத்தி, எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், இங்கே இருப்பவருக்கு நல்ல கத்தி ஆகாது.

முதலில், அது என்ன கத்தி?

ஸ்விவல் கத்தி என்பதைத் தமிழில் சுழல் கத்தி என்று சொல்லலாம். பார்க்கக் கத்தி மாதிரியே இருக்காது. ஒரு குட்டையான தடித்த பேனாவை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். உச்சியில் ஆள்காட்டி விரல் உட்காருவதற்கு வளைவான ஒரு விரல்தாங்கி. அதன் கீழே உருளையான தண்டு. விரல்தாங்கி அப்படியே நிற்க, தண்டு மட்டும் அதன் அச்சில் சுழலும். தண்டின் அடியில் உளி போன்ற சின்ன அலகு.

ஆள்காட்டி விரல் மேலிருந்து அழுத்தம் கொடுக்கிறது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் தண்டைத் திருகித் திருகித் திசை மாற்றுகின்றன. அதனால் ஒரு கொடியின் வளைவை, கையை எடுக்காமல், ஒரே இழுப்பில் வெட்ட முடிகிறது. சாதாரணக் கத்தியில் இதைச் செய்தால் வளைவு வளைவாக வராது. சின்னச் சின்ன நேர்கோடுகளை ஒட்டவைத்தது போலத் தெரியும்.

இன்னொன்று முக்கியம். இந்தக் கத்தி தோலைத் துண்டாக்குவதற்கு அல்ல. தோலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் வெட்டு இறங்க வேண்டும். வெட்டு திறந்துகொண்டு ஒரு குட்டி வாய்க்கால் போல நிற்க வேண்டும். பிறகு பெவலர் போன்ற அச்சுக் கருவிகளை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி, வாய்க்காலின் ஒரு கரையை அமுக்கினால் பூவிதழ் எழும்பியது போலத் தெரியும். ஆகவே சவரக் கத்தி போல மெலிந்த அலகு இதற்கு உதவாது. இரண்டு பக்கமும் சரிந்த, ஆப்பு போன்ற அலகுதான் வேண்டும். சரிவுகள் கண்ணாடி போல மின்ன வேண்டும். இல்லையென்றால் தோல் அலகைப் பிடித்து இழுக்கும்.

இந்தக் கலை உலகத்துக்கு வந்த வழியும் சுவாரசியமானது. ஸ்பெயினில் கோர்டோபா நகரம் அலங்காரத் தோலுக்குப் பேர் போனது. அந்தத் தோல்வேலை மரபு மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய், குதிரைச் சேணங்களில் பூத்தது. வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில், சுருளும் கொடிகளுக்குள் சின்னப் பூக்களை நெருக்கமாக வைக்கும் ஒரு பாணியே உருவானது. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் டான் கிங். அல் ஸ்டோல்மன் (1919–1998) எழுதிய படம் போட்ட வழிகாட்டி நூல்களால் இது பொழுதுபோக்காளர்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது. இன்று இணையத்தில் காணும் பெரும்பாலான பாடங்களின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

தஞ்சாவூருக்குத் தோல் புதிது அல்ல

சுழல் கத்தி வெளியூர்ச் சரக்கு. ஆனால் தோலைக் கத்தியால் ஆளும் வித்தை தஞ்சாவூருக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று, தோல்பாவைக் கூத்து. ஆட்டுத்தோலை முடி நீக்கி, காயவைத்து, ஒளி ஊடுருவும்படி ஆக்கி, அதில் ராமனையும் அனுமனையும் வரைந்து, ஓரம் வெட்டி, நகை வரும் இடங்களில் சிறு உளிகளால் துளையிட்டு வண்ணம் பூசுவார்கள். தமிழ்நாட்டில் இதை நடத்திவந்த மண்டிகர்கள் வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சையை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை ஆண்ட மராட்டியர் காலத்தோடு அவர்களின் வருகை இணைத்துச் சொல்லப்படுகிறது. இன்று அந்தக் கலைஞர்கள் மிகச் சிலரே. பாவை வேலைக்கும் செதுக்கு வேலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வெளிச்சம் வர வேண்டும் என்பதால் தோல் துளைபட்டே ஆக வேண்டும். இங்கே தோல் துளைபடவே கூடாது. ஆகவே பாவைக்காரரின் உளியை வாங்கிவந்து பர்ஸில் பூ செதுக்க முடியாது. வேலைக்குத் தகுந்த முனை என்பது முதல் பாடம்.

இரண்டாவது, மிருதங்கம். பலா மரக் கட்டையின் இரண்டு வாயிலும் தோல். வலந்தலையில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலுமாக அடுக்கு வைக்கப்படுகிறது. சுற்றி இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். அடுக்கின் கனம் கொஞ்சம் மாறினாலும் நாதம் மாறும். மேல் தோலை வளையமாக வெட்டி எடுக்கும்போது கை ஒரு மயிரிழை தவறினால் வேலை பாழ். இந்த வேலையில் தலைமுறை தலைமுறையாகப் பேர் எடுத்த குடும்பங்கள் தஞ்சாவூரில் உண்டு.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) என்றால் மிருதங்க உலகமே எழுந்து நிற்கும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து தஞ்சாவூர்க்காரர். வித்வான் மிருதங்கத்தை ஒரு தடவை வாங்கினால் கதை முடிவதில்லை. வாசிக்க வாசிக்கத் தோல் தளரும், சோறு உதிரும், மூட்டு மாற்ற வேண்டும். தன் காதில் கேட்கும் நாதத்தைப் புரிந்துகொண்டு சரிசெய்து தரும் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் உலகத்திலேயே உயர்ந்த மிருதங்கமும் வெறும் மரம்தான். வித்வானும் மிருதங்கம் செய்பவரும் ஒருவரை ஒருவர் விடாமல் பல பத்தாண்டுகள் சேர்ந்தே வளர்வதற்குக் காரணம் இதுதான்.

சுழல் கத்தி வாங்கப் போகிறவர் கற்க வேண்டிய இரண்டாவது பாடம் இந்த இடத்தில் இருக்கிறது.

கத்திக்கு முன் தோல்

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "கத்தி வெட்டவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்களில் பலருக்கும் கோளாறு கத்தியில் இல்லை, தோலில் இருக்கிறது.

கடைகளில் பைக்கும் செருப்புக்கும் சாதாரணமாகக் கிடைப்பது குரோம் உப்பில் பதனிட்ட தோல். மிருதுவாக இருக்கும், வளையும். ஆனால் அதில் செதுக்கினால் நிற்காது. நனைத்து அமுக்கினாலும் ரப்பர் போல எழும்பிவிடும். செதுக்க வேண்டுமானால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். அதிலும் மேலே பெயின்ட், மெழுகுப் பூச்சு எதுவும் இல்லாததாக, 3 மில்லிமீட்டர் அளவுக்காவது கனமானதாக இருக்க வேண்டும்.

இதற்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காய் கொண்டு முடிக்கும் முறை தமிழ்நாட்டின் பழைய முறை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தோல் "ஈஸ்ட் இந்தியா" தோல் என்ற பெயரில் கப்பல் ஏறியது. ஈ.ஐ. தோல் என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆவாரம்பட்டையின் இடத்தை இன்று பெரிதும் வாட்டில் மரப்பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது என்றாலும், பட்டை முறையில் பதனிடும் தொழில் திருச்சி செம்பட்டிலும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஒன்றரை மணி நேர பஸ் பயணம். 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறில்தான் இருக்கிறது. இவ்வளவும் வீட்டு வாசலில் இருக்க, தோல் துண்டைக்கூட வெளிநாட்டுப் பார்சலில் வரவழைப்பது வேடிக்கை.

பட்டைத் தோலா, குரோம் தோலா என்று கண்டுபிடிப்பது எளிது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் குரோம் தோலில் பெரும்பாலும் நீலமோ சாம்பலோ கலந்த நிறம் தெரியும். பட்டைத் தோல் உள்ளே வரைக்கும் மரப்பழுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பூச்சில்லாத பட்டைத் தோல் குடித்துவிட்டுக் கறுக்கும். ஈரமான இடத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். தடம் நின்றால் செதுக்கலாம்.

நனைப்பதிலும் பக்குவம் உண்டு. சொதசொத என்று இருக்கும்போது வெட்டினால் களிமண்ணை வெட்டியது போலக் கோடு மூடிக்கொள்ளும். காய்ந்தபின் வெட்டினால் கத்தி திணறும். தண்ணீர் தடவிய தோல் மறுபடி தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும், ஆனால் தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். அந்த நேரம்தான் கத்தி வைக்க வேண்டிய நேரம்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய ஐந்து

தோல் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கத்தியில் கவனிக்க வேண்டியவை இவை.

1. சுழற்சி: விரல்தாங்கியைப் பிடித்துக்கொண்டு தண்டை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். கரகரப்பு இல்லாமல் சுழல வேண்டும். சுழல்வது மட்டும் போதாது. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. பேரிங் உள்ளதா இல்லாததா என்பதைவிட இந்த ஆட்டம் இல்லாமல் இருப்பது முக்கியம். ஆடும் கத்தியில் எவ்வளவு பழகினாலும் கோடு நிற்காது.

2. நடு அச்சு: தண்டைச் சுழற்றும்போது அலகின் வெட்டும் விளிம்பு தண்டின் நேர் நடுவில் இருக்க வேண்டும். அலகு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், திருகும்போது நினைத்த இடத்தில் திரும்பாமல் தள்ளித் திரும்பும்.

3. கை அளவு: தண்டின் குறுக்களவு பெரும்பாலும் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கும். மூன்றெட்டு அங்குலமும் அரை அங்குலமும் பரவலாகக் கிடைக்கும் அளவுகள். விரல் தடித்தவர்களுக்கு மெல்லிய தண்டு சீக்கிரம் வலி தரும். உயரம் மாற்றும் திருகு இருப்பது நல்லது. ஆள்காட்டி விரல் வளைந்து வசதியாக உட்கார்ந்திருக்க, மற்ற விரல்கள் தண்டின் சொரசொரப்பான இடத்தில் படிய வேண்டும். அடுத்தவர் கைக்குப் பொருந்தியது என்பதற்காக வாங்கக் கூடாது.

4. அலகு: தொடங்குபவருக்கு நேர் அலகு போதும். பெரிய வளைவுகளுக்கு மூன்றெட்டு அங்குல அகலம் வசதி. நெருக்கமான பூ வேலைக்குக் கால் அங்குலம். சாய்ந்த அலகு இண்டு இடுக்குகளுக்கு நல்லது, ஆனால் அது இரண்டாவது அலகாக இருக்கட்டும். பீங்கான் அலகு துருப்பிடிக்காது, கூர் நீண்ட நாள் நிற்கும். ஆனால் சிமென்ட் தரையில் ஒரு தடவை விழுந்தால் முனை போய்விடும், தீட்டுவதற்கு வைரத்தூள் தகடு வேண்டும்.

5. கழற்றி மாட்டுதல்: இதுதான் கடைசி, இதுதான் முதன்மை. அலகைக் கழற்றி வேறு அலகு மாட்ட முடிய வேண்டும். தண்டோடு ஒட்டிப்பிறந்தது போல அலகு இருந்தால், அலகு தேய்ந்த அன்று கத்தியே போயிற்று.

லேத் பட்டறையில் ஒரு அலகு

ஐந்தாவது விஷயம் ஏன் முதன்மை? அலகைக் கழற்ற முடிந்தால், அடுத்த அலகுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை என்பதால்தான்.

பம்ப் செட்டும் டிராக்டரும் இருக்கும் ஊரில் லேத் பட்டறை இல்லாமல் இருக்காது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் துவாக்குடியைத் தாண்டும்போது பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த எத்தனையோ இயந்திரப் பட்டறைகள். லேத்தில் இரும்பைக் கடைய வைக்கும் முனைக்கு ஹெச்.எஸ்.எஸ். பிட் என்று பெயர். மற்ற இரும்பை வெட்டவே உருவான எஃகு அது. சூடேறினாலும் கடினம் இழக்காது. ஹார்டுவேர் கடைகளில் உருண்டையாகவும் சதுரமாகவும் கிடைக்கும்.

கத்தித் தண்டின் துளையை வெர்னியரில் அளந்துகொண்டு, அதே விட்டத்தில் ஒரு உருண்டை பிட் வாங்கி, முனையின் இரண்டு பக்கத்தையும் சமமாகச் சரித்து கிரைண்டிங் சக்கரத்தில் பிடித்தால் ஒரு அலகு தயார். துளை கால் அங்குலம் என்றால் கால் அங்குல அலகு. அதன்பிறகு சாணைக்கல்லில் தேய்த்து மெருகேற்ற வேண்டியதுதான் பாக்கி. சாதாரணக் கார்பன் எஃகாக இருந்தால் சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். முனை நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். ஹெச்.எஸ்.எஸ். அந்த விஷயத்தில் தாங்கும். ஆனால் சிவக்கச் சூடேறிய பிட்டைத் திடீரென்று தண்ணீரில் முக்கினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. கண்ணாடி போடாமல் சக்கரத்தின் முன் நிற்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கத்தியின் உடம்பே ஒன்றும் ராக்கெட் அல்ல. ஒரு தண்டு, ஒரு சின்ன பேரிங், ஒரு வளைவு, இரண்டு திருகு. தேர்ந்த லேத்காரருக்கு ஒரு மாதிரியைக் காட்டினால் கடைந்து தருவார். இதை நம் ஊர்ப் பட்டறைகள் செய்யாததற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மலிவானதா, விலை உயர்ந்ததா?

இதில் இரண்டு கட்சி உண்டு. "முதலில் மலிவானதை வாங்கிப் பழகு, கை வந்தபிறகு நல்லது வாங்கு" என்பது ஒன்று. "ஒரே தடவையாக உயர்ந்ததை வாங்கிவிடு, மலிவானது பணத்துக்குப் பிடித்த கேடு" என்பது இன்னொன்று.

முதல் கட்சி மறைக்கும் விஷயம், சில நூறு ரூபாய்க் கத்தி பெரும்பாலும் தீட்டாமலேயே வருகிறது. சரிவில் கிரைண்டர் கீறல்கள் அப்படியே இருக்கும். அதை அப்படியே தோலில் வைக்கும் மாணவர், கோடு பிசிறுவதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கை வரவில்லை" என்று முடிவு கட்டிப் பெட்டியில் போட்டுவிடுகிறார். கத்தியின் குற்றம் கையின் மேல் விழுகிறது. தொடக்கத்திலேயே விலகிப் போகிறவர்களில் பலர் இப்படிப் போகிறவர்கள்தான்.

இரண்டாவது கட்சி மறைக்கும் விஷயம், பல ஆயிரம் ரூபாய்க் கத்தியும் மழுங்கும். அதன் எஃகு நல்லது, அதிக நேரம் கூர் நிற்கும் என்பது உண்மை. தினமும் பத்து மணி நேரம் செதுக்கிப் பிழைப்பவருக்கு அந்த விலை நியாயம். ஆனால் தீட்டத் தெரியாதவர் கையில் அந்தக் கத்திக்கும் முதல் கத்திக்கும் சில வார வித்தியாசம்தான். அதன் அலகின் அளவு தனி அளவாக இருந்து, மாற்று அலகுக்குக் கடல் கடந்த பார்சலையே நம்ப வேண்டியிருந்தால், அதுவரைக்கும் வேலை நிற்கும்.

ஆகவே இரண்டும் இல்லாத ஒரு கணக்குதான் சரி. கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் தண்டு ஆடாத, அலகு கழற்றக்கூடிய, நடுத்தரமான கத்தி. மறுபாதியில் சாணைக்கல், தீட்டும் வார், மெருகுக் கட்டி, பழகுவதற்குக் கொஞ்சம் கழிவுத் தோல். பணம் குறைவாக இருந்தால் குறைக்க வேண்டியது கத்தியின் பக்கத்தில்தான், சாணையின் பக்கத்தில் அல்ல. தண்டு ஆடாத மலிவுக் கத்தி நன்றாகத் தீட்டப்பட்டால் உயர்ந்த கத்தியின் பக்கத்தில் நிற்கும். உயர்ந்த கத்தி மழுங்கினால் எதன் பக்கத்திலும் நிற்காது.

தீட்டுவது ஒரு சடங்கு அல்ல, வேலையில் பாதி

சலூனில் சவரக் கத்தியைத் தோல்வாரில் இப்படியும் அப்படியும் இழுப்பதைப் பழைய தலைமுறை பார்த்திருக்கும். அதே வேலைதான். ஒரு பலகையில் பட்டைத் தோல் துண்டை ஒட்டி, அதில் பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்துவிட்டால் வார் தயார். அலகின் சரிவை முழுதாகப் படியவைத்துப் பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் வார் கிழியும். முடிக்கும்போது அலகைத் தூக்கிச் சுழற்றினால் விளிம்பு உருண்டுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் செதுக்கியபின் சில இழுப்பு என்று பழகிக்கொண்டால் சாணைக்கல்லுக்கே அபூர்வமாகத்தான் போக வேண்டியிருக்கும்.

கூர் இருக்கிறதா என்று பார்க்க விரலைக் கீறிப் பார்க்க வேண்டியதில்லை. விளக்கு வெளிச்சத்தில் விளிம்பை நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்காவது வெள்ளையாக ஒரு கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது. கூரான விளிம்பு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அலகின் இரண்டு மூலைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். கோட்டை இழுப்பது மூலைதான். மூலை உருண்டால் அத்தனையும் போச்சு.

டெல்டாவுக்கு என்று ஒரு தனிக் கவலையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும். ஈரத்தோலில் வேலை செய்த அலகைத் துடைக்காமல் வைத்தால் காலையில் துரு. கார்பன் எஃகு அலகுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். தோலுக்கு எண்ணெய் படாமல் இருக்க, அடுத்த தடவை துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். நனைத்த தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நாள்கணக்கில் மறந்துவிட்டால் பூசணம் பூத்துக் கரும்புள்ளி விழும். மழைக்காலத்தில் அன்று செதுக்க முடிந்த அளவு துண்டை மட்டும் நனைப்பது நல்லது.

எதைச் செதுக்குவது?

கத்தியைச் சோதிக்க ஷெரிடன் ரோஜாவைத்தான் செதுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம். 12ஆம் நூற்றாண்டு ஐராவதேசுவரர் கோயிலின் கல்லில், உள்ளங்கை அளவு இடத்தில்கூடக் கொடியும் சுருளும் ஓடும். தஞ்சாவூர் வீணையில் செதுக்கப்படும் யாளி முகமும், தஞ்சாவூர்த் தட்டின் ஓரப் பூவேலையும் அதே கைமரபின் வேறு வேறு வடிவங்கள். கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் இறங்கிய இந்தக் கொடிக்கருக்கு, தோலில் இறங்கினால் அது வெறும் நகல் பொழுதுபோக்காக இருக்காது. இறுக்கமாகச் சுருளும் அந்த வளைவுகளைவிடச் சுழல் கத்திக்குக் கடுமையான பரீட்சையும் கிடையாது.

கடைசியாக ஒன்று

மேலே சொன்ன மிருதங்கக் கதையில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. மேடையில் வித்வானுக்குப் பொன்னாடை விழும். அந்த நாதத்துக்குத் தோலை உரித்து, காயவைத்து, வெட்டி, இழுத்துக் கட்டியவர் அரங்கத்தின் எந்த மூலையிலும் இருக்க மாட்டார். தோலைத் தொடும் வேலை என்பதால் சாதி அவரைத் தள்ளி வைத்திருந்தது. இந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" நூல் 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு முதலில் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் அதே தோலைத் தொட்டு வெட்டினால் அதற்குக் "கிராஃப்ட்" என்று பெயர், இன்ஸ்டாகிராமில் லைக். தொடுவதில் தப்பே இல்லை, இன்னும் நிறைய பேர் தொட வேண்டும். ஆனால் தலைமுறைகளாகத் தொட்டவர்களுக்கு அந்தப் பெயரும் அந்த மரியாதையும் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியும் கத்தியோடு சேர்ந்தே கைக்கு வர வேண்டும். தோல் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த ஈரத்தில் வெட்டினால் நிற்கும், அலகை எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை தீட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களின் கைக்குத் தெரியும். அதை மாணவனாகப் போய்க் கேட்டு, கற்றதற்கு உரிய பணத்தையும் கொடுத்து, யாரிடம் கற்றது என்று பெயரையும் சொல்வதுதான் நியாயம்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: தண்டு ஆடக் கூடாது, அலகு கழற்ற வர வேண்டும், கைக்குப் பொருந்த வேண்டும். மீதிப் பணத்தில் சாணை. தோல் திருச்சியில். அடுத்த அலகு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் லேத் பட்டறையில்.